கொட்டகையின் முதுகு

போன மாதம் கால்நடைத் திட்ட அலுவலகத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் அலுவலர் தொலைபேசியில் கூப்பிட்டார். மரியாதையான பிள்ளை. நான் கட்டிய மாட்டுக் கொட்டகைகளைப் பார்த்தாராம், அதற்கு ஒரு வரைபடம் வேண்டுமாம். இனிமேல் மாவட்டம் முழுவதற்கும் ஒரே வரைபடம்தான். இரும்புக் குழாயும் தகரமும் லொறியில் வந்து இறங்கும், நட்டை முடுக்கினால் வேலை முடிந்தது என்றார். நல்லது தம்பி, அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்றவனிடம் யாராவது எதையாவது கேட்டால் தலைகால் புரிவதில்லை, என்ன செய்ய.

ஒரு மணி நேரத்தில் வரைந்துவிட்டேன். நீளம், அகலம், முன் உயரம், பின் உயரம், கம்பு நடும் குழியின் ஆழம் எல்லாம் போட்டாயிற்று. தாளின் மேல் மூலையில் திசை குறிக்க வேண்டும். அங்கே வந்ததும் பென்சில் நின்றது. நின்றது நின்றதுதான், மூன்று வாரம். பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மாதிரி இதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே என்று என் மனைவி சரோஜா கேலி செய்தாள். அந்த மூலை ஏன் அத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பத்தொன்பது வயதில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் தச்சு வேலைக்குச் சேர்ந்தேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கதவு, ஜன்னல், தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தட்டு என்று இருபத்திரண்டு வருடம் போயிற்று. தோட்டத்தில் கட்டட வேலைக்கு இருந்த ஆட்களை ஒவ்வொருவராகக் குறைத்துக் கடைசியில் இரண்டு பேரில் வந்து நின்றபோது, நான் கால்நடைத் திட்டத்துக்கு மாறினேன். லயத்துக் குடும்பங்களுக்குச் சினைமாடு கொடுத்து, அதற்குக் கொட்டகையும் கட்டிக்கொடுக்கும் திட்டம் அது. கட்டுகிற பாஸ், அதாவது மேஸ்திரி, நான். கடைசி பதினான்கு வருடம் மலை மலையாக ஏறி இறங்கியது அந்த வேலைக்காகத்தான்.

கொட்டகை என்றால் கம்பு நட்ட கொட்டகை. அதிலே ஒரு சூட்சுமம் உண்டு. லயத்தில் இருக்கிறவர்களுக்குக் கால் வைக்கிற மண்கூடச் சொந்தமில்லை, எல்லாம் தோட்டத்துக் கம்பனியுடையது. சீமெந்து போட்டு ஒரு வரிசைக் கல் வைத்தால் அடுத்த நாளே காரியாலயத்திலிருந்து ஆள் வந்துவிடும். அத்திவாரம் போட்டால் வீடு, கம்பு நட்டால் கொட்டகை. அதுதான் துரைமாரின் கணக்கு. அனுமதிக் கடிதத்திலேயே 'கழற்றி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். ஆரம்பத்தில் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். நான்கு தலைமுறையாக இருக்கிற ஜனம், அதன் மாடு நிற்கிற இடத்தையும் கழற்றி எடுக்க வேண்டுமாம். ஆனால் அதே வரியால்தான் செலவு குறைந்தது, யாராலும் கட்டக்கூடியதாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு மாட்டுக்குப் பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம் போதும். ஆறு கம்பு. முன்னால் மூன்று நெட்டை, பின்னால் மூன்று குட்டை. முன்புறம் தரைக்கு மேல் எட்டடி, பின்புறம் ஆறடி. கூரை ஒரே சாய்வு, தகரம். கம்பு டர்பன்டைன் மரமாக இருந்தால் நல்லது. பட்டையை உரித்து ஆறு வாரமாவது காயப் போட வேண்டும். மண்ணுக்குள் போகிற அடிப்பாகத்தை நெருப்பில் வாட்டிக் கருக்கி, கராஜில் சும்மா கிடைக்கும் பழைய என்ஜின் ஒயிலை மூன்று தடவை பூசுவேன். இரண்டரை அடிக் குழி. குழியின் அடியில் ஒரு தட்டைக் கல். கல்லில்லாமல் நட்டால் முதல் மழையிலேயே கம்பு இறங்கும். சுற்றி மண்ணும் சல்லியும் ஒரு சாண் போட்டு அலவாங்குக் கடப்பாரையின் பின்பக்கத்தால் இடிக்க வேண்டும், இன்னொரு சாண் போட்டு இடிக்க வேண்டும். அவசரக்காரன் ஒரேயடியாக மண்ணைத் தள்ளிவிட்டு மேலே மட்டும் மிதிப்பான். அந்தக் கம்பு அவனுக்கு முன்னால் ஆடாது, அவன் பஸ் ஏறிய பிறகு ஆடும்.

கம்பின் தலையில் வாய் வெட்டி, அதில் உத்தரத்தை உட்கார வைத்து, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுவேன். உத்தரத்தையும் கம்பையும் சேர்த்து ஆணி அடிக்க மாட்டேன். கழற்றி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டுமே, அதற்காக. தரைக்கு ஆற்றுக்கல் பதித்து, பின்பக்கமாக லேசாகச் சரித்து, மூத்திரமும் சாணியும் ஓட ஒரு வாய்க்கால். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. மனிதனுக்கு மாதிரி கொட்டகைக்கும் முதுகு உண்டு. குட்டைக் கம்பு நிற்கிற பக்கம் முதுகு. அந்தப் பக்கத்தை மட்டும் பலகையாலோ தகரத்தாலோ அடைப்போம். மழை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முதுகைக் காட்ட வேண்டும். மஸ்கெலியாவில் வைகாசியில் பிடிக்கிற மழை புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும், விட்டு விட்டு அல்ல, விடாமல். அங்கே பிறந்து வளர்ந்தவனுக்குத் திசை பார்க்க வெயில்கூட வேண்டாம். கண்ணைக் கட்டிவிட்டாலும் முதுகைத் தென்மேற்கே வைப்பேன். அதுவே பெருமையாகவும் இருந்தது.

இனி டொக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் திட்டத்தின் மாட்டு வைத்தியர் அவர், எனக்கு மேலதிகாரி, என்னைவிட எட்டு வயது இளையவர். சிங்களவர். தமிழ் பேசுவார், ஆனால் என்னை எப்போதும் 'பாஸ் உன்னஹே' என்றுதான் கூப்பிடுவார். சிங்களத்தில் அது மரியாதையான அழைப்பு. நான் கட்டி முடித்த ஒவ்வொரு கொட்டகையையும் மாடு ஈனுவதற்கு முன்னால் அவர் வந்து பார்த்து, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால்தான் மாடு அந்தக் குடும்பத்துக்கு நிலைக்கும். சரியில்லை என்று எழுதினால் மாடு பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். இது திட்டத்தின் சட்டம்.

அவர் பார்க்கிற விதமே தனி. மற்ற அதிகாரிகள் வாசலில் நின்று கூரையைப் பார்ப்பார்கள், ஒரு கம்பை ஆட்டிப் பார்ப்பார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள். டொக்டரம்மா ஜீப்பிலிருந்து ஒரு சாக்கை எடுத்து வருவார். கொட்டகைக்குள் மாட்டுக்குப் பக்கத்தில் அதை விரித்துக் குந்திக்கொள்வார். பேச மாட்டார். மாடு படுத்திருந்தால் அதன் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் தன் தலையை வைத்துக்கொண்டு பத்து நிமிடம், சில நாள் அதற்கும் மேலே, அப்படியே இருப்பார். நிற்கிறவனுக்குத் தெரியாத காற்று அங்கே தெரியும், கண்ணெரிகிற மூத்திர வாடையும் தெரியும். எழுந்திருக்கும்போது 'ஹரி' என்பார். சரி என்று அர்த்தம். நான் கட்டியதற்கு அந்த ஒரு வார்த்தைக்கு மேலே அவர் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. வலப்பனைப் பக்கம் போகும் வரைக்கும்.

வலப்பனைக்கு முதல் தடவையாக என்னை அனுப்பியது ஓர் ஆடி மாதம். மூன்று பஸ் மாறிப் போனேன். பூங்கோதை என்ற அம்மாவுக்குக் கொட்டகை. கொழுந்து எடுத்தவர், முழங்கால் தேய்ந்து மலை ஏற முடியாமல் போய் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிக்கொண்டவர். தனி ஆள். இனி பாலை விற்றுத்தான் சாப்பாடு என்ற நிலை. மாடு ஏற்கனவே வந்துவிட்டது, சிட்டு என்று பெயர் வைத்திருந்தார். செவலை நிறத்தில் ஜேர்சிக் கலப்பு, முதல் சினை, மார்கழியில் ஈனும் என்றார்கள். அந்த அம்மா அதனோடு பேசிக்கொண்டேதான் எல்லா வேலையும் செய்வார். அவர் பேச்சை நிறுத்தினால் அது புல்லைத் தின்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்.

நான் இறங்கிய அன்று காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. மழை ஒரு சொட்டு இல்லை. காற்று எந்தப் பக்கமிருந்து? தென்மேற்கிலிருந்து. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. கயிற்றைப் பிடித்து, முளை அடித்து, முதுகைத் தென்மேற்கே வைத்துக் குழி தோண்ட ஆரம்பித்தேன். இரண்டாவது குழி தோண்டும்போது பூங்கோதையம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார்.

"பாஸ் அண்ணே, கார்த்திக மழ இந்தா, இந்தப் பக்கமாத்தான் வரும்" என்று வடகிழக்கே கையைக் காட்டினார். நான் வாசல் வைக்கிற பக்கம்.

நான் சிரித்தேன். மழை எங்கேயிருந்து வரும் என்று எனக்குத் தெரியாதா அம்மா, உங்கள் வயதில் பாதி வருடம் கொட்டகைதான் கட்டியிருக்கிறேன் என்றேன். கணக்கும் தப்பு, மரியாதையும் தப்பு. அவரும் சிரித்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐந்தாம் நாள் வேலை முடிந்தது. கம்பு ஒவ்வொன்றும் பாறை மாதிரி நின்றது. அவ்வளவு காற்றிலும் உள்ளே ஒரு வைக்கோல் அசையவில்லை. நான் கட்டியதிலேயே நல்லது இதுதான் என்று சரோஜாவிடம் வந்து சொன்னேன்.

கார்த்திகை கடைசியில் டொக்டரம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. வலப்பனைக்கு வாங்க என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. மஸ்கெலியாவில் அன்று நல்ல வெயில். நுவரெலியா தாண்டிக் கீழே இறங்க இறங்கத்தான் மழை பிடித்தது. பஸ்ஸின் இடதுபக்கக் கண்ணாடியெல்லாம் தண்ணீர், வலதுபக்கம் காய்ந்து கிடந்தது. எங்கள் ஊரிலிருந்து அறுபது மைல்கூட இருக்காது. மலையின் அந்தப் பக்கத்துக்கு ஒரு மழை, இந்தப் பக்கத்துக்கு வேறு மழை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படித்ததை யார் கொட்டகை கட்டும்போது நினைத்துக்கொள்கிறார்கள்.

கொட்டகையின் திறந்த வாசலில் பூங்கோதையம்மா கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டிய படங்குத் துணியைத் தொங்கவிட்டிருந்தார். அதன் பக்கத்தில் போர்த்துகிற கம்பளி. அதற்கும் பக்கத்தில் இரண்டு சேலை. எல்லாம் நனைந்து கனத்துத் தொங்கின. உள்ளே மாடு இல்லை. லயத்தின் முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில், ஆள் படுக்கிற இடத்தில், வயிறு இருபக்கமும் புடைக்கச் சிட்டு நின்றுகொண்டிருந்தது. அதன் முதுகில் அந்த அம்மாவின் கடைசிக் காய்ந்த போர்வை. அவர் தலையில் ஒரு யூரியாப் பை.

டொக்டரம்மா ஜீப்பிலிருந்து சாக்கை எடுத்து வந்தார். வழக்கம்போல விரித்துக் குந்தினார். பிறகு நகர்ந்து, சாக்கின் பாதியை எனக்கு விட்டுக் கையால் தட்டிக் காட்டினார். நான் அவர் பக்கத்தில் குந்தினேன். படங்கை ஒதுக்கிவிட்டார். மழை நேரே முகத்தில் அடித்தது. என் முதுகுக்குப் பின்னால் நான் ஆசையாக அடித்த பலகைச் சுவர் பொட்டுத் தண்ணீர் படாமல் காய்ந்து நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போடுவார், அது மறுபடி நனையும். கால் மணி நேரம் இருந்திருப்போம். திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அந்தக் கால் மணி நேரம் இன்னும் என் எலும்புக்குள் இருக்கிறது.

எழுந்ததும் புத்தகத்தைத் திறந்தார். பூங்கோதையம்மா இஸ்தோப்பில் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டகை சரியில்லை என்று அந்தப் புத்தகத்தில் விழுந்தால் மாடு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். டொக்டரம்மா பேனாவின் மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார்.

"பாஸ் உன்னஹே, நான் இன்னைக்கு இங்க வரல்ல. திங்கக்கெழம தான் வாறது."

அன்று வியாழக்கிழமை. அவர் ஜீப் போகும் வரைக்கும் நான் நனைந்துகொண்டுதான் நின்றேன்.

கூரையைப் பிரித்துக் கட்டலாம் என்றால் தகரத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள் விழும். புதுத் தகரத்துக்குத் திட்டத்தில் வழியில்லை, என் கையிலும் இல்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். அப்போது அந்த அம்மாதான், கூரையைப் பிரிக்காமல் அப்படியே தூக்கித் திருப்பி வைக்க முடியாதா என்று கேட்டார், மாரியம்மன் சப்பரத்தைக் கோயில் முக்கில் திருப்புகிற மாதிரி.

முடியும். எனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் தெரியவில்லை. கம்பும் உத்தரமும் கம்பிக் கட்டுத்தான், ஆணி இல்லை. முன்னுக்கு மூன்று குழி, பின்னுக்கு மூன்று குழி, இடைவெளி எல்லாம் ஒரே அளவு. நெட்டைக் கம்பைக் குட்டையின் குழியிலும் குட்டையை நெட்டையின் குழியிலும் நட்டு, கூரையை அரைவட்டம் சுற்றி வைத்தால் முதுகு மழைப் பக்கம் வந்துவிடும். கழற்றி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற அந்தப் பாழாய்ப்போன வரி அன்றைக்குக் கைகொடுத்தது.

வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரிக்கிற நேரத்தில், பூங்கோதையம்மா முழங்காலை இழுத்துக்கொண்டு போய் நின்று கேட்டார். நானும் கூடப் போனேன். பாஸ் தப்பாகக் கட்டிவிட்டார் என்று சொல்வார் என எதிர்பார்த்துக் குனிந்து நின்றேன். கொட்டகையைக் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு கை பிடியுங்கள் என்று மட்டும்தான் சொன்னார். என் பேரே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருபத்தாறு பேர் வந்தார்கள், பாதிப் பேர் பெண்கள். தூறிக்கொண்டிருந்தது. கவைக் கம்புகளை முட்டுக் கொடுத்துக் கம்பிக் கட்டுகளை நான் வெட்டினேன். வாங்குப் பலகைகளிலும் தகர டின்களிலும் ஏறி நின்று முன்பக்கத்தை முதலில் இறக்கினார்கள், பிறகு பின்பக்கம். கூரை தோளுக்கு வந்ததும் கங்காணி ஒருவர் அடி எடுத்துக் கொடுத்தார். யாரோ அரோகரா சொன்னார்கள், எல்லோரும் சிரித்துக்கொண்டே சேர்ந்து சொன்னார்கள். மலைச்சரிவில் நாற்று மேடை அளவுக்குச் சமமாக வெட்டிய அந்தச் சின்னத் தட்டில் இருபத்தாறு பேரும் ஒரு தகரக் கூரையும் மெதுவாகச் சுற்றினோம். இஸ்தோப்பிலிருந்து சிட்டு கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கூரையைப் பக்கத்தில் இறக்கி வைத்துக் கம்புகளைப் பிடுங்கினோம். அலவாங்கு போட்டு நெம்பினாலும் வர மாட்டேன் என்றன. அவ்வளவு நன்றாக இடித்திருந்தேன். தப்பான இடத்தில் நன்றாகச் செய்த வேலையைப் போல மனிதனை வேலை வாங்குவது வேறொன்றில்லை. மாற்றி நட்டு, சாண் சாணாக இடித்து, கூரையை ஏற்றி, பின்சுவர்ப் பலகைகளைக் கழற்றி மழைப் பக்கம் அடித்து, இந்தத் தடவை கம்பியை இரட்டையாகக் கட்டினேன். ஆடிக் காற்று இனிமேல் வாசலுக்குள் வந்து கூரையைத் தூக்கப் பார்க்குமே. அந்தப் பக்கம் மாட்டுப்புல்லும் கிளிசிரிடியாக் கம்பும் நெருக்கமாக நட்டு வேலி பிடிக்க வேண்டும் என்று, இந்த முறை, கேட்டேன். சொல்லவில்லை, கேட்டேன். அதுதான் அண்ணே நல்லது என்றார் பூங்கோதையம்மா. சாணி வாய்க்கால் வாசல் பக்கம் வந்துவிட்டதே என்று நான் வருத்தப்பட்டதற்கு, குனிந்து அள்ளச் சுகம் என்று சொல்லிவிட்டார்.

எல்லோரும் போன பிறகு கை கழுவும்போது மனசு பொறுக்காமல் கேட்டேன். அன்றைக்கே என்னைப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருக்கலாமே அம்மா, இந்தப் பாடு பட்டிருக்க வேண்டாமே என்றேன்.

"சொன்னேனே அண்ணே. ஒரு தடவ சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அது நடந்தது, அதனால் சொன்னார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "மூணு பஸ்ஸு மாறி எனக்காக வந்த மனுசன், ரெண்டாந் தடவ எப்பிடிண்ணே சொல்றது" என்றார்.

நான் கழுவின கையை மறுபடி கழுவினேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட இடங்கள் சில உண்டு. அழுதது அங்கே மட்டும்தான். மழையில் அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை டொக்டரம்மா முதல் தடவை வருகிறவர் போலவே வந்தார். சாக்கை விரித்தார். சிட்டு உள்ளே படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. நல்ல மழை. அது பின்பக்கத்துப் பலகையில் அறைந்துகொண்டிருந்தது. வாசலில் கூரை நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் விழுந்தது. டொக்டரம்மா கண்ணாடியைத் துடைக்கத் தேவையிருக்கவில்லை. எழுந்து ஹரி என்றார். கையெழுத்துப் போட்டார். ஜீப்பில் ஏறும்போது அந்தச் சாக்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் எந்தக் கொட்டகைக்கும் முளை அடிக்கும் முன் அதை விரித்துக் குந்தி, மாடு வளர்க்கப் போகிறவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, மழையைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

புதன்கிழமை சிட்டு ஈன்றது, கெடேரிக் கன்று. அதை அந்த அம்மா தொலைபேசியில் சொன்னார். அதிலிருந்து வருடம் தவறாமல் கார்த்திகையில் முதல் மழை விழுகிற அன்று ஓர் அழைப்பு வரும். சிட்டு இப்போது இல்லை. அதன் மகளும் பேத்தியும் அதே கொட்டகையில் நிற்கின்றன. கம்பு ஒன்றைத்தான் மாற்ற வேண்டியிருந்ததாம்.

நேற்று மத்தியானம் சரோஜா தொலைபேசியைக் கொண்டுவந்து கொடுத்தாள், யார் என்று சொல்லாமல் சிரித்துக்கொண்டே. மஸ்கெலியாவில் வெயில், வரைபடம் மேசையில் கிடந்தது. மழைச் சத்தம்தான் முதலில் கேட்டது, தகரத்தில் விழுகிற சத்தம்.

"மழ வந்திருச்சுண்ணே. முதுகுலதான் பெய்யுது."

வைத்ததும் பென்சிலை எடுத்தேன். திசைக் குறி போடவில்லை. அந்த மூலையில் இப்படி எழுதி இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்: 'முதுகு எந்தப் பக்கம் என்று மாடு வளர்ப்பவரைக் கேட்டு நடவும். அவர் ஒரு தடவைதான் சொல்வார். அப்போது சிரிக்க வேண்டாம்.'